மயிலாப்பூருக்கும் டிரவுட் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

மாசி மாதம் முடிகிற தறுவாயில், "இந்த வருஷத்துக் குளிர் போய்விட்டதே!" என்று சென்னைவாசிகளுக்கு ஒரு குறை வந்துவிடும். சென்னையில் குளிர் என்று ஒன்று எப்போது இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். லஸ் பக்கத்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடியற்காலையில் உலாவ வரும் பெரியவர்களைப் பார்த்தால் தெரியும். காதைச் சுற்றி மப்ளர், தலையில் குரங்குக் குல்லாய், கையில் பிளாஸ்க். வெப்பமானியோ 20 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கும். "என்ன பனி, என்ன பனி!" என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார்கள்.

அதே 20 டிகிரியில், "ஐயோ, உஷ்ணம் தாங்கவில்லையே!" என்று தவிக்க ஆரம்பிக்கும் ஜீவன் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது ஒரு மீன். டிரவுட் என்று பெயர்.

மயிலாப்பூரில் மீன் பேச்சா என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். மயிலாப்பூர் என்றால் நாலு மாட வீதி மட்டும் அல்ல. கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால் நொச்சிக்குப்பம். அங்கே மீன்தான் பேச்சு, மீன்தான் மூச்சு. மேலும் இந்த டிரவுட் மீனுக்கும் தென் சென்னைக்கும் உள்ள சம்பந்தம் சர்க்கார் சம்பந்தம். நீலகிரியில் அவலாஞ்சி என்னும் இடத்தில் இதைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் பண்ணையை மீன்வளத் துறை நடத்துகிறது. அந்தத் துறையின் தலைமை அலுவலகம் இருப்பது நந்தனத்தில். தியாகராய நகரில் புடவை வாங்கிக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர், குளிர்ந்த ஓடை மீனின் எஜமானர்கள் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருபோதும் நினைத்திருக்க மாட்டார்.

உதகமண்டலத்திலிருந்து இருபத்தைந்து கிலோ மீட்டர் சொச்சம் போனால் அவலாஞ்சி. ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய மலைச் சரிவு ஏற்பட்டது. அதனால் வந்த பெயர். மழைக்கும் பேர்போன இடம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஆனால் தை, மாசியில் அங்கே வானம் நிர்மலமாக இருக்கும். இரவில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை வேஷ்டி விரித்தாற்போல் படிந்திருக்கும். பக்கத்தில் இரண்டு ஏரிகள்: அவலாஞ்சி, எமரால்டு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தவை. இயற்கை ஏரிகள் அல்ல. கனடா தேசத்தின் உதவியோடு 1950-களின் பிற்பகுதியில் ஆரம்பித்த குந்தா மின்சாரத் திட்டத்தின் அணைக்கட்டுகளால் உண்டானவை. அதுவரை ஓடையில் ஓடிக்கொண்டிருந்த டிரவுட், அணை வந்ததும் ஏரிவாசி ஆயிற்று.

இந்த மீனைப் பிடிக்கும் முறைதான் வேடிக்கை. நம் ஊர்த் தூண்டிலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். மூங்கில் கழி, நரம்பு, தக்கை, ஈயக் குண்டு, முள், முள்ளில் மண்புழு. ஈயக் குண்டின் கனத்தில் நரம்பு நீரில் போய் விழும். பிறகு தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். டிரவுட் தூண்டிலில் புழுவும் இல்லை, குண்டும் இல்லை, தக்கையும் இல்லை. முள்ளின் மேல் பட்டு நூலாலும் பறவை இறகாலும் ஒரு பூச்சியைப் போலக் கட்டியிருப்பார்கள். ஊதினால் பறந்துவிடும் கனம். இதை முப்பது, நாற்பது அடி தூரத்துக்கு எறிய வேண்டும்! பஞ்சை எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்?

அதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். கனத்தைத் தூண்டில் முள்ளில் வைக்காமல் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த கயிறு, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு, அதன் முனையில் இறகுப் பூச்சி. ஒன்பது அடிக் கோலை முன்னும் பின்னும் வீசினால், கயிறு சாட்டை போலத் தலைக்கு மேல் வளைந்து, விரிந்து, நீள்கிறது. பின்னால் போகும் கயிறு முழுவதும் நீளும் வரை பொறுத்திருந்து, பிறகே முன்னால் வீச வேண்டும். அரை விநாடி அவசரப்பட்டால் முள் சொந்தக் காதிலேயே மாட்டிக்கொள்ளும். பொறுமைசாலிகளின் விளையாட்டு என்று தூண்டிலுக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை.

அந்தக் கோலிலும் நம் தேசத்துக்குப் பங்கு உண்டு. மூங்கிலை ஆறு பட்டைகளாகப் பிளந்து, சீவி, ஒட்டிச் செய்த கோல்கள் மேல்நாட்டில் பிரசித்தமானபோது, முதலில் பயன்பட்டது இந்தியாவிலிருந்து போன மூங்கில்தான். கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். பிறகுதான் சீன மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. இப்போது எல்லாம் கார்பன் இழை. இறகு விஷயத்திலோ நம் பங்கு இன்னும் பெரிது, கொஞ்சம் துக்கமானதும்கூட. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விடியற்காலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகில், அரக்கை உருக்கிச் சொட்டு விட்டாற்போல் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் சால்மன் மீன் பிடிக்கும் பிரபுக்களின் தூண்டில் பூச்சிக்கு அந்தப் புள்ளிதான் கண். அதற்காக எத்தனை சேவல்களின் கழுத்துத் தோல் கப்பலேறியதோ! 1960-களின் பிற்பகுதியில் இந்திய சர்க்கார் ஏற்றுமதியைத் தடை செய்த பிறகே சேவலுக்கு நிம்மதி.

ஏரியில் டிரவுட் பிடிப்பது ஓடையில் பிடிப்பதைவிடக் கடினம் என்பார்கள். ஓடையில் நீர் ஓடுகிறது, மீன் ஒரு கல்லின் மறைவில் நிற்கிறது, சாப்பாடு அதன் வாயைத் தேடி வருகிறது. ஆகையால் மீன் இருக்கும் இடத்தை ஊகித்துவிடலாம். ஏரியில் நீர் நிற்கிறது. மீன்தான் சாப்பாட்டைத் தேடிச் சுற்றுகிறது. எங்கே சுற்றுகிறது என்று யார் கண்டது? அதிலும் பனி விலகாத மாசி மாதத்தில் மீனுக்குச் சோம்பல். அதன் உடம்பு நீரின் சூட்டைப் பொறுத்தது. நீர் சில்லென்று இருந்தால் ஜீரணமும் மந்தம், ஓட்டமும் மந்தம். பூச்சியை வேகமாக இழுத்தால் துரத்தி வராது. "ஏதோ போகிறது, போகட்டும்" என்று ஆழத்திலேயே இருந்துவிடும். எனவே பூச்சியை ஆழத்தில் இறக்கி, விரலால் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி, நத்தை நகர்வது போல நகர்த்த வேண்டும்.

இதில் ஓர் ஆறுதல். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நடுங்கிக்கொண்டு போகிற வீரம் இந்தப் பருவத்தில் வீண். வெயில் ஏறி, மேல் நீர் கொஞ்சம் சூடாகி, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத சின்னஞ்சிறு பூச்சிகள் நீருக்கடியிலிருந்து மேலே வரும் நேரம் நண்பகல். மீனும் அப்போதுதான் மேலே வரும். காபி, பலகாரம் எல்லாம் முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் போகிறவர்தான் புத்திசாலி. ஆனால் அவருக்கும் ஒரு தண்டனை உண்டு. காற்று பூச்சிகளையும் சூடான மேல் நீரையும் எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ, அந்தக் கரையில்தான் மீன். அங்கே நின்றால் காற்று முகத்தில் அறையும். வீசிய கயிறு திரும்பி மேலேயே வந்து விழும். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுகமாக எறியும் கரையில் மீன் இராது.

இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த மீனை நீலகிரிக்கு யார் கொண்டுவந்தார்கள்? ஊர் நினைப்பு வந்து ஏங்கிய வெள்ளைக்காரர்கள்தான். உதகமண்டலத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஸ்காட்லாந்து நினைவு வந்தது. மலை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, ஓடை இருக்கிறது. ஓடையில் பிடிக்கத் தகுந்த பெரிய மீன்தான் இல்லை. 1860-களில் சென்னை மாகாணத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார். பின்னால் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிப் புகழ்பெற்றவர் இவர். முயற்சி பலிக்கவில்லை. சூயஸ் கால்வாயே 1869-ல்தான் திறந்தது என்பதை நினைத்தால், குளிரில் பிறந்த உயிரை உஷ்ணக் கடல் தாண்டி உயிரோடு கொண்டுவருவது என்ன பாடு என்று புரியும். காஷ்மீரத்திலும் முதல் தடவை 1899-ல் வந்த முட்டைகள் வழியிலேயே பாழாயின. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவையே பிழைத்தன.

நீலகிரியில் காரியம் கைகூடியது 1907-க்குப் பிறகு. அந்த ஆண்டில்தான் சர் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன் இலாகா உருவாயிற்று. இலாகாவின் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். முட்டைக்குள் குஞ்சின் கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில்தான் முட்டை கொஞ்சம் ஆட்டத்தைத் தாங்கும். அப்படிப்பட்ட முட்டைகளை இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய இடங்களிலிருந்து தருவித்தார்கள். பழுப்பு டிரவுட் நீலகிரியில் சரியாக ஒட்டவில்லை. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும் வானவில் டிரவுட் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்த ஜாதி அது.

இலங்கை என்றதும் இன்னொரு விஷயம். நம் நீர்நிலைகளில் குடியேறிய அந்நிய மீன்களுக்கெல்லாம் இலங்கைதான் இடைவழிச் சத்திரம் போலிருக்கிறது! டிரவுட் அங்கிருந்து வந்தது. 1939-ல் ஊட்டி ஏரியில் விட்ட ஜெர்மன் கெண்டை அங்கிருந்து வந்தது. 1952-ல் ஆப்பிரிக்க ஜாதியான திலாப்பியா அங்கிருந்து வந்தது. இந்தக் கடைசி ஆசாமியைத்தான் நம் ஜனங்கள் "ஜிலேபி" என்று நாமகரணம் செய்து, குளம் குட்டை எல்லாவற்றிலும் பார்க்கிறார்கள். அடையாற்றில் தூண்டில் போடுகிறவரை விசாரித்தால் போதும்.

"என்னப்பா, ஏதாவது மாட்டுச்சா?"

"எங்க சார்! காலைலேர்ந்து நாலு ஜிலேபி. முன்னே மடவை வரும், கொடுவா வரும். இப்ப தண்ணியே சரியில்லை சார்."

இந்தச் சம்பாஷணையைத் திரு.வி.க. பாலத்தருகே எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் கேட்கலாம்.

டிரவுட்டுக்கும் ஜிலேபிக்கும் உள்ள வித்தியாசம் ருசியில் மட்டும் இல்லை, மூச்சில் இருக்கிறது. நீரில் கரைந்த பிராணவாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது. கடல் மட்டத்தில் 10 டிகிரிக் குளிர் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7½ தான். இது சுத்தமான நீரின் கணக்கு. சாக்கடை கலந்தால், அழுக்கைத் தின்னும் கிருமிகள் அதையும் உறிஞ்சிவிடும். டிரவுட்டுக்கு அளவு 6-க்குக் கீழே இறங்கினாலே கஷ்டம். ஜிலேபி 1, 2 இருந்தாலும் சமாளித்துக்கொண்டு குடும்பம் நடத்தும். ஒரு நீர்நிலையில் ஜிலேபி ஒன்றே மிஞ்சியிருக்கிறது என்றால், அந்த நீரின் யோக்கியதை அதிலேயே தெரிகிறது.

இனி விவகாரத்துக்கு வரலாம். நீலகிரி ஓடைகளிலும் ஏரிகளிலும் பழையபடி டிரவுட் குஞ்சுகளை ஏராளமாக விட வேண்டும், தூண்டில் விளையாட்டுக்கு வசதி செய்ய வேண்டும், அதைக் கொண்டு வெளிநாட்டுப் பிரயாணிகளை வரவழைக்கலாம் என்று சொல்வோர் உண்டு. காஷ்மீரமும் இமாசலப் பிரதேசமும் செய்யவில்லையா என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி யோசனைதான் சரி.

மீதிப் பாதி ஏன் சரியில்லை? சோலைக்காட்டு ஓடையில் இந்த மாதிரிப் பெரிய வேட்டை மீன் ஆதியில் கிடையாது. அங்கே தவளைகள் உண்டு, தலைப்பிரட்டைகள் உண்டு, நீர்ப்பூச்சிகள் உண்டு, விரல் நீளச் சிறு மீன்கள் உண்டு. இவற்றில் பல வேறெங்கும் இல்லாத ஜாதிகள். ஆயிரக்கணக்கான வருஷங்களாக அவற்றுக்கு இப்படி ஒரு சத்துரு இல்லை. டிரவுட்டுக்கு இவை அத்தனையும் சாப்பாடு. உலகத்தில் மிக அதிகமான தொல்லை கொடுக்கும் 100 வந்தேறி உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது. அதில் வானவில் டிரவுட்டும் இருக்கிறது, பழுப்பு டிரவுட்டும் இருக்கிறது. நம் ஜிலேபியும் இருக்கிறது! பிரபு என்றும் பாமரன் என்றும் பேதம் பார்க்காத ஜாபிதா. முக்கூர்த்தி மலைப்பகுதி வரையாட்டுக்காக 1990-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. வரையாட்டைக் காக்கும் சட்டத்தின் நிழலில் தவளையும் பிழைக்கட்டும். அந்த ஓடைகளில் இனி ஒரு குஞ்சுகூட விடக்கூடாது.

அணைக்கட்டு ஏரிகளின் கதை வேறு. எமரால்டும் அவலாஞ்சியும் மனிதன் உண்டாக்கியவை. அங்கே பண்ணையில் வளர்ந்த மீனை அளவாக விட்டு, ஓடைக்குள் ஏறிப் போகாமல் வலைத்தடுப்பு வைத்து, சீட்டு கொடுத்து, காவல் போட்டு, சில பேரைத் தூண்டில் போட விடுவதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. உள்ளூர்ப் படுகர் இளைஞர்கள் நாலு பேருக்கு வழிகாட்டி உத்தியோகம் கிடைத்தாலும் லாபம்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்துத் தூண்டில்காரர்கள் பிடித்த மீனை முத்தமிட்டு, போட்டோ எடுத்து, நீரிலேயே விட்டுவிடுவதைப் பெரிய தர்மமாகக் கருதுகிறார்கள். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று பல்லக்கில் வரும் நாயன்மார்களில் அதிபத்தர் என்று ஒருவர் இருக்கிறார். நாகப்பட்டினத்துச் செம்படவர். தினமும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். நாள் முழுவதும் ஒரே ஒரு மீன் கிடைத்தபோதும் அதையே விட்டார், வீட்டில் அடுப்பெரியவில்லை. கடைசியில் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று வந்தது. அதையும் விட்டார். பிடித்ததை விடுவதில் அவருக்கு மேல் யாரும் போக முடியாது.

ஆனால் அவர் விட்டது அந்தக் கடலிலேயே பிறந்த மீனை. சோலை ஓடையில் பிடித்த டிரவுட்டைத் திரும்ப விடுவது தர்மம் ஆகாது. தலைப்பிரட்டைகளின் நோக்கில் பார்த்தால் அதர்மம். அதைக் கொண்டுபோய்ச் சமைப்பதுதான் சரி. மாறாக, நீலகிரியின் வடக்கே மோயாற்றில் திமில் மஹ்சீர் என்று ஒரு மீன் இருக்கிறது. காவிரியிலும் அதன் உபநதிகளிலும் அன்றி வேறெங்கும் கிடையாது. 2018-ல்தான் அதற்குச் சரியான விஞ்ஞானப் பெயரே நிச்சயமாயிற்று. அதே வருஷத்தில் அடியோடு அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் வரிசையிலும் சேர்ந்தது. பெயர் வைத்த கையோடு ஆபத்து! இலாகாவுக்குக் குஞ்சு பொரிக்கும் சாமர்த்தியம் நூறு வருஷமாக இருக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு பங்கு இந்த மண்ணின் மீனுக்கும் போகக் கூடாதா?

இதையெல்லாம் சொல்வதால் வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களைப் பழிப்பதாக எண்ணக் கூடாது. அவர்களிடம் ஒரு குணம் இருந்தது. மீன் வேண்டும் என்றால் நீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள். நீலகிரியில் வேட்டை மிருகங்களையும் மீன்களையும் காக்க 1879-லேயே சட்டம் வந்துவிட்டது. டிரவுட் தூண்டில் எங்கெல்லாம் பரவிற்றோ அங்கெல்லாம், எந்த மாதம் பிடிக்கலாம், எத்தனை பிடிக்கலாம், எவ்வளவு சிறியதை விட்டுவிட வேண்டும் என்று விதிகளும் கூடவே பரவின. சுயநலம்தான், ஆனால் நீருக்கு நன்மை செய்த சுயநலம்.

நம் நீர்நிலைகளுக்கு அப்படிச் சண்டை போட யார் இருந்தார்கள்? எச். எஸ். தாமஸ் என்று சென்னை சிவில் சர்வீஸில் ஓர் அதிகாரி இருந்தார். 1873-ல் இந்திய நதிகளில் தூண்டில் போடுவது பற்றி எழுதியவர், 1887-ல் குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு புஸ்தகம் எழுதினார். மலைக்குப் போக லீவு கிடைக்காதவனுக்கு ஊர்க் குளமே போதும் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் சென்னையில் குளத்துக்கா பஞ்சம்? மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை வளைந்து கிடந்தது நெடிய ஏரி. படகுப் பந்தயமே நடந்த ஏரி. 1920-களில் அதை வற்றடித்துத் தியாகராய நகரை உண்டாக்கத் தொடங்கினார்கள். இன்று மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. டேங்க் இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. மழைக் காலத்தில் தெருவில் முழங்கால் நீர் நிற்கும்போது மட்டும் ஏரிக்குத் தன் பழைய விலாசம் நினைவுக்கு வருகிறது.

மிஞ்சியிருப்பதைப் பார்க்கலாம். அடையாற்று முகத்துவாரத்தில் குப்பை மேடாகக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். நண்டும் நாரையும் திரும்பி வந்தன. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத் துறையே பூங்கா அமைத்து, தூண்டில் போடுவதற்கென்று இடமும் ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் ஒரு சேத்துப்பட்டு போதுமா? வேளச்சேரி ஏரி கரைக்குள் கரை வைத்துச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அடையாற்றில் சில வருஷங்களில் முதல் மழை வெள்ளம் சாக்கடையைக் கிளறிக்கொண்டு வந்ததும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. இரண்டு நாள் பத்திரிகையில் படம் வருகிறது. மூன்றாம் நாள் வேறு படம்.

நந்தனத்து அதிகாரிகளுக்கு ஒரு சின்ன யோசனை. அவலாஞ்சிப் பண்ணையில் டிரவுட் தொட்டிகளில் நீரின் சூடு என்ன, பிராணவாயு என்ன என்று பார்க்காமல் ஒரு நாளும் விட மாட்டார்கள். விட்டால் மீன் செத்துப்போகும். அதே அளவைக் கருவியை அடையாற்றுப் பாலத்தடியிலும், வேளச்சேரியிலும், மயிலைத் தெப்பக்குளத்திலும், சித்திரக்குளத்திலும் இறக்கிப் பார்த்து, கரையில் ஒரு கரும்பலகையில் அன்றைய எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கலாம். அவ்வளவுதான். டிரவுட்டுக்கு எத்தனை வேண்டும், கெண்டைக்கு எத்தனை வேண்டும், ஜிலேபிக்கு எத்தனை போதும் என்று மூன்று வரி அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், தூண்டில்காரரும் படிப்பார், நடைப்பயிற்சிக்கு வரும் மப்ளர்காரரும் படிப்பார். "நேற்று நாலு, இன்றைக்கு இரண்டா? யார் என்னத்தைத் திறந்துவிட்டான்?" என்று கேள்வி பிறக்கும். கேள்வி கேட்க வேண்டிய ஆள் யார் என்பதும் தெரிந்துபோகும். மலை ரயிலேறிப் போய்க் குளிரில் நடுங்கி டிரவுட் பிடிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஜிலேபியைத் தவிர இன்னொரு மீனும் தூண்டிலில் மாட்டுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரனுக்கு வாய்த்தால் போதாதா?

இப்போது மாசி போய்ப் பங்குனி வருகிறது. வெயில் ஏற ஏறக் குளத்து நீரில் பிராணவாயு குறையும் காலம். அறுபத்துமூவர் கூட்டத்துக்கு முன்பே இடம் பிடிக்க வந்த பாட்டியும் பேரனும் மயிலைக் குளத்துப் படிக்கட்டில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"பாட்டி, மீனெல்லாம் ஏன் மேலேயே நின்னுண்டு வாயை வாயைத் திறக்கறது?"

"பசிக்கறதுடா கண்ணா. இன்னும் கொஞ்சம் பொரி போடு."

சில நாட்களில் அது பசிதான். சில நாட்களில் மூச்சு. எது என்று பார்த்துச் சொல்ல அந்தப் படிக்கட்டில் இன்னும் பலகை இல்லை.